சோணையம்மாளின் நல்ல பல்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த பாதுகாப்பு உடைகள் எல்லாம் ஒரே அளவு. ஆறடி ஆம்பளைக்குத் தைத்தவை. பெட்டியின் மேல் எல்லோருக்கும் பொருந்தும் என்று அச்சடித்திருந்தார்கள். அச்சடித்தவன் எங்கள் பல் டாக்டரம்மாவைப் பார்த்ததில்லை. டாக்டர் சத்யப்பிரியா ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அந்த உடைக்குள் அவர் இறங்கினால் கால் பக்கம் ஒரு முழம் மிஞ்சும். மிஞ்சியதை மடித்து, கணுக்காலில் பிளாஸ்திரி சுற்றி, இடுப்பில் ஒரு கட்டும் போட்டு நிறுத்த எனக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

நான் கலைச்செல்வி. நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், அதில் கடைசி ஆறு வருஷம் பல் பிரிவில். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடலோரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சொன்னால் மெமோ வரும். ஒன்று ஏற்கெனவே வாங்கியாயிற்று. இது டாக்டரம்மாவைப் பற்றியும் அவர் பிடுங்கிய ஒரு பல்லைப் பற்றியும். கோபமாகத்தான் எழுதுகிறேன். நிதானமாக எழுதச் சொல்கிறவர்கள் அக்னி நட்சத்திரத்தில் அந்த உடையை மாட்டிக்கொண்டு ஐந்தரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து சொல்லட்டும்.

டாக்டரம்மாவுக்குப் பரமக்குடியிலிருந்து உள்ளே போகும் ஒரு மிளகாய்க்காட்டுக் கிராமம். அப்பா முனியசாமி மழையை நம்பி நெல்லும், நெல்லுக்குப் பின் குண்டு மிளகாயும் போடுகிறவர். மகளுக்குப் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்தபோது ஊரில் சிரித்தார்களாம். "பல்லுக்கு எதுக்குப்பா அஞ்சு வருசம்? வேப்பங்குச்சிய ஒடிச்சா முடிஞ்சது" என்று ஒருவர் சொல்ல, "ஒனக்குக் கடவாப்பல்லு வலிக்கிறப்ப வா, குச்சியவே குடுக்கச் சொல்றேன்" என்றாராம் முனியசாமி. அந்த வாய் அப்படியே மகளுக்கும் வந்திருந்தது. வரிசையை மீறி வருகிற கவுன்சிலரானாலும் சரி, ஊசிக்குப் பயந்து கையைத் தட்டிவிடுகிற போலீஸ்காரரானாலும் சரி, டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆனால் கை சுத்தம். அவர் பல் எடுத்தால் எடுத்ததே தெரியாது என்று தொண்டியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள்.

அவருடையது ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் நீட்டிப்பு வாங்க வேண்டும். நாலு வருஷம் முடிந்துவிட்டதால் நிரந்தரமாக்கும் கோப்பு ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அதில் எங்கள் தலைமை டாக்டர் சேதுராமன், பணி திருப்தி, புகார் ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த அந்த ஏப்ரல், மே மாதங்கள் முழுக்க அந்தக் கோப்பு அவர் மேஜையில்தான் கிடந்தது. நாங்கள் உள்ளே போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

உடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டரைக்கு மாட்டினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் கழற்றலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்றுக்குப் போகக் கழற்றினால் அது குப்பைக்குப் போய்விடும், மாற்று கிடையாது. அதனால் காலையில் அரை டம்ளர் காபியோடு சரி, அப்புறம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. முகத்தில் இறுக்கமான மாஸ்க், அதன் மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் திரை. கையில் இரண்டு ஜோடி உறை. பத்து மணிக்கெல்லாம் உறைக்குள் வேர்வை தேங்கி விரல் நுனி ஊறிச் சுருங்கிவிடும். கையைத் தூக்கினால் அந்த வேர்வை முழங்கை வரைக்கும் ஓடும். டாக்டரம்மாவுக்கு மூக்குத் தண்டில் மாஸ்க் அறுத்து, புண் ஆறுவதற்குள் மறுபடி அறுத்து, தழும்பே விழுந்துவிட்டது. விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுப்பதில் பதினோரு மணிக்குத் தலைவலி ஆரம்பிக்கும். மாதவிலக்கு நாளில் என்ன பாடு என்று ஆம்பளைகள் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்.

ஏ.சி. போடக்கூடாது என்று உத்தரவு. மூடிய அறையில் காற்றாடி சுற்றினால் கிருமி பரவும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. சரி, நியாயம். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லியிருந்ததும் அதே உத்தரவுதான். அந்த வரியை மட்டும் யாரும் படிக்கவில்லை. எங்கள் ஜன்னல் எப்போதோ பெயிண்ட் அடித்தபோது சட்டத்தோடு ஒட்டிப்போனது. அதைப் பெயர்க்க ஒரு தச்சரும் அரைமணி நேரமும் போதும். டாக்டரம்மா மூன்று கடிதம் எழுதினார். சின்ன அளவில் உடை, முகத்தில் ஒட்டி நிற்கிற கண்ணாடி, ஜன்னல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால்மணி ஓய்வு. மூன்றுக்கும் ஒரே பதில், பரிசீலனையில் உள்ளது. மாவட்டத்திலிருந்து ஒரு படிவம் வந்தது, உடை அணிவதில் அசௌகரியம் உண்டா என்று. டாக்டரம்மா பின்பக்கமும் திருப்பி எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அதைச் சுருக்கி, குறிப்பிடும்படி ஏதுமில்லை என்று அனுப்பினார்கள். நாட்டில் எங்களுக்காகக் கையைத் தட்டினார்கள், விளக்கேற்றினார்கள். தட்டின கைகளில் ஒன்று வந்து அந்த ஜன்னலைத் தட்டியிருந்தால் போதும்.

ஏப்ரலில் டாக்டரம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொரோனா என்று எல்லோரும் பத்தடி தள்ளி ஓடினார்கள். பார்த்தால் நீர்த்தாரையில் கிருமி. தண்ணீர் குடிக்காமலும் போகாமலும் அடக்கி அடக்கி வந்தது. சேதுராமன் வாசலில் நின்று, "தண்ணி நெறையாக் குடிங்கம்மா" என்றார்.

"குடிச்சுட்டு எங்கன போறது சார்? ஒங்க ரூமுக்கா?"

சேதுராமன் தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கும் கோப்பு மேஜையில்தான் இருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய பாவி அந்தக் கண்ணாடிதான். டாக்டரம்மாவின் சின்ன முகத்தில் ஒட்டாது. மாஸ்க்கின் மேல்பக்கமாக வெளியேறுகிற மூச்சு நேராக அதற்குள் போய் ஆவி படியும். சோப்பைத் தேய்த்துத் துடைத்துப் பார்த்தோம். இருபது நிமிஷம் தாங்கும், அப்புறம் வேர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கி எரியும். கொரோனா பரிசோதனைக்குச் சளி எடுக்கிறவருக்காவது மூக்கு எங்கே என்று தெரிந்தால் போதும். பல் டாக்டருக்கு ஒரு நெல்மணி அகலத்தில் வேலை.

அது மே மாதத்து ஒரு வியாழக்கிழமை. காலையில் வாசலில் நின்று நாற்பது பேருக்குச் சளி எடுத்துவிட்டு, பல் அறைக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. அவசரம் என்றால் மட்டும் பல்லைத் தொடலாம் என்று உத்தரவு. ஒரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சோணையம்மாள், நாற்பது வயது, கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள். வலது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி, துண்டால் கட்டியிருந்தாள். நாலு நாளாகத் தூக்கமில்லை, கஞ்சி கூட இறங்கவில்லை என்று கையாலும் வாயாலுமாகச் சொன்னாள். டாக்டரம்மா பார்த்தார். கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தின பல், உள்ளே முழுக்க அரித்துப் போயிருந்தது. கடைசிப் பல் நல்ல பல். "இந்தப் பல்ல எடுத்தாத்தான்க்கா வீக்கம் வடியும்" என்று சொல்லி மரப்பு ஊசி போட்டார்.

ஊசி பிடிக்கக் காத்திருந்த ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி முழுசாக மங்கிவிட்டது. அடியில் மட்டும் ஒரு விரல்கடை தெளிவாக இருந்திருக்கும். டாக்டரம்மா கோழி பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதன் வழியாகப் பார்த்தார். "லைட்டக் கொஞ்சம் கீழ எறக்குங்கக்கா" என்றார். இறக்கினேன். இன்னும் சாய்ந்தார். பல் பிடுங்கும் குறட்டை வாய்க்குள் கொண்டுபோகுமுன் விரலால் பல்லை எண்ணினார். இரண்டு உறைக்குள் ஊறிப்போன விரல்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கழட்டித் தொடச்சுக்கங்க மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்ணாடியைத் தொட்டால் வெளியே போய், கைகழுவி, உறை மாற்றி, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினோரு மணியிலிருந்து எனக்கு அடிவயிறு வெடித்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட்டால் எனக்கும் சேதுராமனுக்கும் வித்தியாசம் இல்லை.

"ரொம்ப உறுதியா இருக்குக்கா" என்று டாக்டரம்மா முனகினார். அழுகின பல் அப்படி நிற்காது. அது அப்போது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. கடைசியில் பல் வந்தது. பஞ்சைக் கடிக்கவைத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினோம். சோணையம்மாள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா கடைசிச் சீட்டுகளை எழுதி முடித்து உடையைக் கழற்றப் போனார். நான் தட்டைக் கழுவினேன். ரத்தம் போனதும் பல் தெரிந்தது. மேலே ஒரு கறுப்புப் புள்ளி கூட இல்லை. இரண்டு வேரும் முழுசாக, வெள்ளையாக. தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். டாக்டரம்மா முகம் முழுக்கப் பட்டை பட்டையாகச் சிவந்து, நனைந்த தலையோடு நின்றிருந்தார்.

"இது யாரு பல்லு?" என்றார்.

"இன்னக்கி ஒரு பல்லுதான் எடுத்தோம் மேடம்."

தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று மணியைப் பார்த்தார். ஒன்று ஐம்பது. "குழந்தைங்க வார்டுல பால் இருக்கா பாருங்க, ஓடுங்க" என்று கத்தினார். பிடுங்கின நல்ல பல்லைச் சீக்கிரமாகத் திரும்பப் பதித்தால் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் தாண்டத் தாண்ட அது குறைந்துகொண்டே போகும். பாலில் போட்டு வைத்தால் கொஞ்சம் தாங்கும். ஒரு மருந்து பாட்டிலில் பாலை ஊற்றிப் பல்லைப் போட்டோம். சீட்டிலிருந்த நம்பருக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கேட்டில் விசாரித்தால் மீன்வண்டி ஒன்றில் ஏறிப்போய்விட்டாள் என்றார்கள்.

டாக்டரம்மா பாட்டிலோடு சேதுராமன் அறைக்குள் போனார். நானும் போனேன். "சார், தப்பான பல்ல எடுத்துட்டேன். ஜீப் வேணும். போய்க் கூட்டிட்டு வாரேன்."

சேதுராமன் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கெட்ட மனுஷரென்று சொல்லமாட்டேன். வீட்டிலே தாயார் ஆக்சிஜனில் கிடந்தார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எதுக்குப் பதறுற? மரப்பு விட்டதும் வலிக்கும், தானா வருவா. அப்ப அந்தப் பல்லையும் எடுத்து விட்டுரு. ரெண்டும் கெட்டுருந்துச்சுன்னு எழுதிக்க. பாசி எடுக்குற பொம்பளைக்கு எந்தப் பல்லுன்னு தெரியவா போகுது?" என்று சொல்லிவிட்டு, நிரந்தரக் கோப்பின் மேல் கையை வைத்தார். "இந்த வாரம் இதுல கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன். யோசிச்சுக்க."

"அவங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியும்ல?" டாக்டரம்மாவின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "மூணு லெட்டர் குடுத்தேன். ஒரு ஜன்னலத் தொறந்து விட்டிருந்தா இந்தப் பல்லு அங்கன இருந்திருக்கும். இப்ப ஜீப்பும் தரமாட்டீங்க. சரி!" கதவைத் திறந்த வேகத்தில் அது சுவரில் போய் இடித்தது.

டாக்டரம்மாவின் ஸ்கூட்டியில் போனோம். நான் பின்னால், மடியில் பால் பாட்டில். வழியில் ஊரடங்குக்காகத் தடுப்புப் போட்டிருந்த போலீஸ்காரர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஐந்து நிமிஷம் போனது. சீட்டில் ஊர்ப்பெயர் மட்டும்தான் இருந்தது. ஊருக்குள் மூன்று சோணையம்மாள்கள். சரியான வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி மூன்று ஐந்து. வாசல் மணலில் மரிக்கொழுந்துப் பாசி காய்ந்துகொண்டிருந்தது. சோணையம்மாள் கீற்று நிழலில், கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். "என்னம்மா, சீட்ட விட்டுட்டு வந்துட்டேனா?"

டாக்டரம்மா நின்றபடியே சொன்னார். "அக்கா, தப்பு நடந்துபோச்சு. கெட்ட பல்லுக்குப் பதிலா பக்கத்துல இருந்த நல்ல பல்ல எடுத்துட்டேன்."

"நல்ல பல்லையா?"

"ஆமாக்கா."

"கெட்டது அங்கனயேவா இருக்கு?"

"ஆமா. நல்ல பல்லு இந்தா இருக்கு. இப்ப வந்தா திரும்ப வச்சுப் பாக்கலாம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு, பிடிக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பாக்கலாம்."

சோணையம்மாள் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். பாலுக்குள் பல் தெரியவில்லை, ஆட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா பேசிக்கொண்டே போனார். உடை, வேர்வை, தண்ணீர் குடிக்காதது, கடிதங்கள், ஜன்னல். "கண்ணாடியில ஆவி அடிச்சு மங்கிருச்சுக்கா. சரியாத் தெரியல" என்று முடித்தார். நியாயமான பேச்சுத்தான். ஒரு வார்த்தை பொய்யில்லை. கேட்கிறவள் உச்சுக்கொட்டுவாள் என்று நானும் எதிர்பார்த்தேன்.

சோணையம்மாள் உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த தன் கண்ணாடியை எடுத்து வந்து டாக்டரம்மாவின் காலடியில் போட்டாள். முங்கும்போது போடுகிற கண்ணாடி. ரப்பர் வெடித்து, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. மரத்துப்போன வாயால் பேசினாள். குழறியது, உதட்டோரம் ரத்தம் வடிந்தது. ஆனால் ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காமல் போகவில்லை.

"நானுந்தான் கண்ணாடி மாட்டுறேன். பத்து வயசுலருந்து மாட்டுறேன். தண்ணிக்குள்ள மங்கத்தான் செய்யும். மங்குனா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? மேல வந்துருவோம். கழட்டி, எச்சியத் துப்பித் தேச்சு, கழுவி மாட்டிக்கிட்டுத்தான் திரும்ப முங்குவோம். ஏவாரி கெடந்து கத்துனாலும் சரி, பாசி கொறஞ்சாலும் சரி. மங்குன கண்ணோட பாறப் பொந்துக்குள்ள கைய விடமாட்டோம். உள்ள அஞ்சால மீனு கெடக்கும், விரலக் கவ்வுனா விடாது. அது எங்க விரலு, அதான் மேல வந்துருவோம். இது என் வாயி. அதான் நீ மேல வரல."

டாக்டரம்மா குனிந்து அந்தக் கண்ணாடியை எடுத்து, மணலைத் தட்டி, அவளிடம் நீட்டினார்.

"போங்கம்மா. ஒங்கிட்டத் திரும்ப வாயத் தொறக்க எனக்கென்ன கிறுக்கா?" என்றாள் சோணையம்மாள். பாட்டிலை மட்டும் தரவில்லை. அது என் பல்லு என்றாள்.

திரும்பும் வழியில் கருவேலங்காட்டு ஓரமாக டாக்டரம்மா வண்டியை நிறுத்தினார். கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே, "அவங்க சொன்னது சரிக்கா. ஜன்னலத் தொறக்காதது சேதுராமன். வாய்க்குள்ள கைய விட்டது நான்" என்றார்.

"நானும் பாத்தேன் மேடம். கண்ணாடி மங்குனதப் பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன்."

"தெரியும்" என்றார். வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே சோணையம்மாள் வந்துவிட்டாள். வலி கூட்டி வந்திருந்தது. இரவு முழுக்கச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாளாம். ராமநாதபுரம் போகலாமென்றால் பஸ் இல்லை. டாக்டரம்மா பல் அறைப் பக்கமே போகவில்லை. ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து வராந்தாவில், வெயில் விழுகிற இடத்தில் போட்டார். கடல்காற்று நன்றாக அடித்தது. மாஸ்க்கும் முகத்திரையும் துணி அங்கியும் மட்டும் போட்டார், அந்தக் கண்ணாடியைத் தொடவில்லை. அந்த முழு உடையையும் மாட்டவில்லை. அது ஆபத்துதான், அவருக்கும் தெரியும்.

சோணையம்மாள் உட்கார்ந்ததும் தன் சுட்டுவிரலை வாய்க்குள் விட்டு ஒரு பல்லின் மேல் வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

"இது. நல்லாப் பாத்துக்க. பாத்தாச்சா?"

"பாத்துட்டேன்க்கா."

"என்ன நெறம்?"

"கறுப்பு."

அதன் பிறகுதான் விரலை எடுத்தாள். ஊசி பிடித்ததும் திரும்ப ஒருதடவை விரலை வைத்துக் காட்டினாள். டாக்டரம்மா திரும்ப ஒருதடவை நிறம் சொன்னார். பல் ஒரு நிமிஷத்தில் வந்தது. அதைத் தட்டில் போட்டுச் சோணையம்மாளிடம் காட்டினார். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். கும்பிடவில்லை.

டாக்டரம்மா பதிவேட்டை எடுத்து வியாழக்கிழமைப் பக்கத்தில் தன் கையால் எழுதினார்: நல்ல பல் தவறாக எடுக்கப்பட்டது. சாயங்காலத்துக்குள் மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அதோடு உடை அணியாமல் சிகிச்சை செய்தது ஏன் என்று இன்னொரு கேள்வி. சேதுராமன் கூப்பிட்டு, "பதிவேட்டுல ஒரு பக்கம்தானே, மாத்தி எழுதிரலாம். எழுதலைன்னா இந்த ஃபைல்ல புகார் இல்லைன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?" என்றார். கெஞ்சின மாதிரிதான் இருந்தது.

"நடந்தத எழுதுங்க சார்" என்றார் டாக்டரம்மா.

விளக்கக் கடிதத்தை என்னிடம் காட்டினார். மூன்று பக்கம். உடை அளவு, கண்ணாடி, ஜன்னல், நீர்த்தாரைக் காய்ச்சல், பதில் வராத கடிதங்களின் தேதி, எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முதல் வரி இப்படி இருந்தது: எனக்குக் கண் தெரியவில்லை, தெரியவில்லை என்று தெரிந்தும் நான் வேலையை நிறுத்தவில்லை. நான் பேனாவை வாங்கி அதன் கீழே, உதவிக்கு நின்ற நானும் அதைப் பார்த்தேன், சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வந்த மெமோ அதற்குத்தான்.

ஜூன் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. காரணம் என்று எதையும் எழுத அவசியமில்லாத வேலை அது. பூத் தூவி வழியனுப்ப யாரும் வரவில்லை. அவருடைய அய்யா முனியசாமி ஒரு வாடகை வேனில் வந்து சாமான்களை ஏற்றினார். "ஏம்மா, மறைச்சிருந்தா வேல நெலச்சிருக்குமா?" என்று என்னிடம்தான் கேட்டார், மகளிடம் கேட்கவில்லை. நிலைத்திருக்கும் அய்யா என்று சொன்னேன். அவர் வேனில் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

இப்போது டாக்டரம்மா பரமக்குடியில் ஒரு தனியார் கிளினிக்கில் இருக்கிறார். மாதம் ஒருதடவை எனக்குப் போன் செய்வார். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் சோணையம்மாளிடம் வந்து நிற்பார். பார்த்தீர்களா, எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேட்பார்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். ஒடித்து, நாரை உரித்து, சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றாக இடது பக்கத்துக்குத் தள்ளி மென்றாள். கூட இருந்தவர்கள் முழுக் கிழங்கைத் தின்று தோலை எறிந்த பிறகும் அவள் பாதியில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா கேட்டபோது, நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"ஒரு பக்கமாத்தான் மெல்றா மேடம்."

"இன்னுமாக்கா?"

"பல்லு இல்லையே மேடம்."

"அடுத்த மாசமும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.